குதிரைப்படைக்கு நான் எழுதிய நோட்ஸ்

ஆறு வருடம் நடந்த போரில் நான் வென்றது இரண்டே இரண்டு தடவை. அதில் ஒருநாள் எதிரிக்குக் காய்ச்சல். மற்ற நாள் அவருடைய மனைவி குசினியிலிருந்து ஏதோ கேட்க, அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டே தன் படையைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டார்.

போர் என்று நான் சொல்வது மேசைமேல் நடந்த போரை. வெளியே நடந்ததைப் பற்றி எழுத ஏராளமானோர் இருக்கிறார்கள். அவர்கள் நன்றாக எழுதட்டும்.

எதிரி ஒரு நில அளவையாளர். ஊரில் சேவேயர் என்பார்கள். உடுவிலில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்து, சங்கிலியும் கோலுமாக வலிகாமம் முழுவதையும் அளந்து முடித்தவர். நான் நல்லூரில் ஒரு ரியூட்டரியில், தனியார் வகுப்பில், இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் செய்யாதவன், கோபக்காரன், தோற்றால் சோறு இறங்காதவன். எங்கள் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது என் வீட்டு வேலித் தகராறில். அவர் அளந்துவிட்டு, பிழை என் பக்கம்தான் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். அதற்குப் பிறகு அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று, ஏன் என்று தெரியவில்லை.

எண்பத்தாறில் லண்டனில் இருந்த அவருடைய தம்பி ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே பெருவிரல் உயரத்தில் ஈயப் பொம்மைகள், கூடவே ஒரு விதிப் புத்தகம். பூதங்களும் மந்திரவாதிகளும் குதிரைவீரர்களும் இருக்கிற ஒரு கற்பனை உலகத்துச் சண்டை. ஒருவர் மாறி ஒருவர் படையை நகர்த்த வேண்டும். எத்தனை அங்குலம் நகரலாம் என்று புத்தகம் சொல்லும். யார் செத்தார் என்று தாயக்கட்டை உருட்டிப் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு என்றுதான் தம்பி அனுப்பியிருந்தான். சேவேயருக்குப் பிள்ளைகள் இல்லை என்பது அவனுக்கு மறந்துபோயிருக்கலாம், அல்லது தமையனை அவன் சரியாக அறிந்திருக்கலாம்.

பெட்டி அவருடையது என்பதால் முதலில் தெரிவு செய்ததும் அவர்தான். நீண்ட காதுள்ள காட்டு வில்லாளர்களை எடுத்துக்கொண்டார். நாங்கள் அவர்களுக்கு முயற்காதர் என்று பேர் வைத்தோம். மிஞ்சியது குதிரைப்படை. அது எனக்கு.

பெட்டியில் வந்த பொம்மைகள் போதவில்லை. செத்துப்போன கார் பற்றறி ஒன்றை உடைத்து, ஈயத்தை உருக்கி, களிமண் அச்சில் ஊற்றி நானே குதிரைகள் செய்தேன். இரசாயன மாஸ்டர் என்ற பேருக்கு அது போதும். ஆனால் குதிரைகள் எல்லாம் ஆட்டுக்குட்டி போல வந்தன. சேவேயர் ஒன்றைக் கையில் எடுத்து, அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐசே, உம்மடை குதிரையிலை ஏறினா வீரன்ரை கால் நிலத்திலை முட்டும்" என்றார். சிவப்புக் கொடிகளுக்கு அவர் மனைவியின் நகப்பூச்சு. காட்டுக்குப் பூவரசங் குச்சிகள். மலைக்குக் கவிழ்த்து வைத்த சிரட்டை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி தேவாலயத்திலிருந்து வந்து, சாப்பாடு முடிந்தபிறகு, அவருடைய வரைபட மேசையில் ஆட்டம் தொடங்கும். நான் நல்லூரிலிருந்து சைக்கிள் மிதித்துப் போவேன். போகும்போது வெற்றித் திட்டம் ஒன்று மனதில் இருக்கும். வரும்போது எதிர்க்காற்று இருக்கும்.

தோல்விக்குக் காரணம் பெட்டியோடு வந்த அந்தப் பழைய பதிப்பின் விதிகள். என் குதிரைகள் அவருடைய வில்லாளரை எட்டுவதற்குள் அவர்கள் மூன்று தடவை அம்பு விட்டுவிடுவார்கள். போய்ச் சேரும்போது மூன்று குதிரையும் ஒரு கொடியும்தான் மிஞ்சும். வலப்பக்கமாகப் போய்ப் பார்த்தேன், இடப்பக்கமாகப் போய்ப் பார்த்தேன், சிரட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பார்த்தேன். அவர் சிரட்டையிலிருந்து குதிரைவரை அளந்து, கட்டையை உருட்டி, செத்த குதிரைகளைப் பக்குவமாக எடுத்து ஓரத்தில் அடுக்கி வைப்பார். ஒருநாள்கூடச் சிரித்தது கிடையாது. சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவருடைய நேர்மையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விமானச் சத்தம் கேட்டால் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு மூவரும் முற்றத்தில் வெட்டிய பங்கருக்குள் இறங்குவோம். ஒருநாள் கிட்டடியில் குண்டு விழுந்ததில் மேசை குலுங்கி எல்லாப் பொம்மைகளும் சரிந்து கிடந்தன. நான் அந்த ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தேன், ஆகவே திரும்ப முதலிலிருந்து தொடங்கலாம் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, கால் அங்குலம் பிசகாமல், இருந்த இடத்திலேயே வைத்தார். என்னுடைய ஒரு குதிரை அவர் படைக்குப் பின்னால் ஆபத்தான இடத்தில் நின்றிருந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். அதையும் அந்த இடத்திலேயே வைத்தார்.

தொண்ணூற்றிரண்டில் தம்பி புதிய பதிப்பை அனுப்பினான். புத்தகமும் இன்னொரு பெட்டிப் பொம்மைகளும். கொழும்பிலிருந்து ஒரு உறவுக்காரப் பெண் அவற்றைக் கொண்டு வந்தார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் ஈயப் பொம்மைகளை எடுத்துக்கொண்டார்கள். ஈயம் ஈயம்தானே, உருக்கினால் தோட்டா. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, பூதங்களின் படங்களை இரண்டு மூன்று பேர் கூடி நின்று பார்த்துவிட்டு, கொண்டுபோக விட்டார்களாம். பிறகு கிளாலிக் கடலில் வள்ளத்துக்குள் தண்ணீர் அடித்து, புத்தகம் தேத்தண்ணியில் ஊறின விசுக்கோத்துப் போல வீங்கிவிட்டது. ஆக, சட்டம் வந்து சேர்ந்தது, படை வரவில்லை. எங்கள் ஊரில் இது வழக்கமான ஒழுங்குதான்.

சேவேயர் தமிழில் படித்தவர். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பார், ஆனால் இருநூறு பக்க விதியை அப்படி வாசிக்க ஒரு ஆயுள் வேண்டும். அவருடைய மனைவி பெண்கள் கல்லூரியில் ஆங்கில ஆசிரியை. மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த குடும்பம். அவரிடம் கொடுங்கள் என்று நான் முறைக்குச் சொன்னேன்.

"அவவிட்டைக் குடுத்தா முதல் சிவப்புப் பேனையைத் தேடுவா" என்றார் சேவேயர். "நீர் நோட்ஸ் அடியும் ஐசே. உம்மடை நோட்ஸுக்குத்தானே யாழ்ப்பாணம் முழுக்கப் பெடியள் வரிசையிலை நிக்கிறாங்கள்."

அது புகழ்ச்சி அல்ல, உண்மை. எங்கள் ஊரில் பாடப்புத்தகம் என்பது அலுமாரியில் இருக்கிற பொருள். பிள்ளைகள் படிப்பது மாஸ்டரின் நோட்ஸை. மாஸ்டர் எதை விட்டாரோ அது உலகத்தில் இல்லை. நோட்ஸில் இல்லாத ஒன்றைச் சோதனையில் கேட்டுவிட்டால், வினாத்தாள் பிழை என்று தாய்தகப்பன்மார் சண்டைக்கு வருவார்கள்.

ஒரு மாதம் அந்தப் புத்தகத்தோடு இருந்தேன். புதுப் பாடத்திட்டம் வரும்போது ஒரு மாஸ்டர் செய்கிற எல்லாவற்றையும் செய்தேன். பழையதில் எது போயிற்று, எது வந்தது, எது இடம் மாறியது என்று மூன்று நிறப் பென்சிலால் கோடு போட்டேன். கட்டம் போட்ட தாளில் குதிரைகளை வரைந்து, கோணம் அளந்து, கட்டை உருட்டாமலே நூறு ஆட்டம் ஆடினேன். என் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. புதிய பதிப்பில் குதிரைப்படை பாயும்போது இரண்டு மடங்கு தூரம் போகலாம். தூரத்திலிருந்து விடும் அம்புகளுக்குப் பலம் குறைத்துவிட்டார்கள். பின்வரிசைக்கும் பெறுமதி கொடுத்திருந்தார்கள். எங்கோ இங்கிலாந்தில் ஒரு புண்ணியவான், நல்லூரில் ஒரு மனிதன் ஆறு வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டு உட்கார்ந்து எழுதியதுபோல இருந்தது.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அந்தப் புண்ணியவான் என்னைக் கைவிட்டான்.

எதிரி பாய்ந்து வரும்போது ஒரு படையணி என்ன செய்யலாம் என்ற இடம். மூன்று வழிகள் கொடுத்திருந்தார்கள். முதலாவது, அசையாமல் நின்று எதிர்கொள்வது. இரண்டாவது, நின்றபடி அம்பு விடுவது. மூன்றாவது, ஓடுவது. பழைய பதிப்பில் ஓடியவன் செத்தவன், மேசையை விட்டு எடுத்துவிட வேண்டியதுதான். இதில் அப்படியல்ல. விரும்பி ஓடலாம், ஓடியபின் ஒன்றுசேர்ந்து திரும்பி நிற்கலாம். பாய்ந்து வந்த குதிரைகளோ ஆளில்லாத இடத்தைத் தாக்கிவிட்டு வெறும் வெளியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் இருக்கும் மற்ற வில்லாளர் ஆறுதலாக அம்பு விடலாம்.

சேவேயரின் கையில் இந்த விதி போனால் என்ன நடக்கும் என்று கட்டத்தாளில் போட்டுப் பார்த்தேன். பழையதைவிட மோசமாகத் தோற்றேன்.

மூன்றையும் முதலில் ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தேன். மூன்றாவதற்கு அதிக நேரம் எடுத்தது, நல்ல தமிழாக வரவேண்டும் என்று மூன்று நான்கு தடவை திருத்தினேன். பிறகு நல்ல கொப்பியில் எடுத்து எழுதும்போது இரண்டோடு நிறுத்திவிட்டேன். கை தானாக நின்றது என்று சொல்ல ஆசைதான். தானாக நிற்கவில்லை. நான்தான் நிறுத்தினேன். ஓடுவது ஒரு படைக்கு அழகில்லை, அதை ஒரு விதியாக எழுதி வைப்பது வெள்ளைக்காரனின் கோழைத்தனம், தமிழில் அது தேவையில்லை என்று எனக்கு நானே ஒரு சொற்பொழிவு நிகழ்த்தி, மூன்றாவதை எழுதிய தாளைக் கிழித்துப்போட்டேன்.

கொப்பியையும் புத்தகத்தையும் ஒன்றாகவே கொண்டுபோய்க் கொடுத்தேன். புத்தகத்தைக் கொடுக்க எனக்குப் பயமே இருக்கவில்லை. நோட்ஸ் கையில் கிடைத்தபின் எவரும் புத்தகத்தைத் திறப்பதில்லை என்பது பதினைந்து வருடத் தொழில் அனுபவம்.

அடுத்த ஞாயிறு போனபோது கொப்பி முழுவதையும் படித்து வைத்திருந்தார். அங்கங்கே பென்சிலால் அடிக்கோடு. பாயும்போது என்ன செய்யலாம் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ரெண்டு தானோ?"

"ஓம், ரெண்டுதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் படையை அடுக்கத் தொடங்கினார். நான் என் குதிரைகளை அவசரமாக எடுத்து அடுக்கினேன்.

அன்றைக்கு வென்றேன். என் ஆட்டுக்குட்டிக் குதிரைகள் மேசையின் நடுவிலிருந்து பாய்ந்து முயற்காதரை இரண்டாகப் பிளந்துகொண்டு போயின. அதற்கடுத்த ஞாயிறும் வென்றேன். மூன்று வருடத்தில் எத்தனை வென்றேன் என்று எண்ணவில்லை, தோற்றதைத்தான் எண்ணலாம். நல்லூருக்குத் திரும்பும் வழியில் எதிர்க்காற்று என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. ரியூட்டரியில் என் கோபம் குறைந்துவிட்டதாகப் பிள்ளைகள் கதைத்தார்கள்.

சேவேயர் வழக்கம்போல ஆடினார். தன் வில்லாளரைச் சில வேளை மேசை நடுவில், வேண்டுமென்றே குதிரைக்கு முன்னால் வைப்பதுபோல வைப்பார். நான் பாய்வேன். பாயும்போது என் முகத்தைப் பார்ப்பார். அவருக்கு மூளை மழுங்கிக்கொண்டு வருகிறது, புதிய பதிப்புக்குத் தன்னை மாற்றிக்கொள்ளத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். அவருக்கு அறிவுரைகூடச் சொன்னேன். "புது விதிக்குப் புது யோசினை வேணும், சேவேயர். பழசிலை தொங்கிக்கொண்டு நிக்கக்கூடாது." அவர் "ஓம் ஓம்" என்று கேட்டுக்கொண்டார்.

அவர் மனைவி பனங்கட்டியும் தேத்தண்ணியும் கொண்டு வந்து வைப்பார். "இண்டைக்கும் வெண்டிட்டியளோ, மாஸ்டர்?" என்பார். ஒருநாள் கொப்பியைக் கையில் எடுத்துப் புரட்டிவிட்டு, "உங்கடை நோட்ஸ் நல்ல சுருக்கம்" என்றார். நான் நன்றி சொன்னேன். ஒரு ஆங்கில ஆசிரியை பாராட்டுகிறார் என்ற பெருமையில் இரண்டு பனங்கட்டித் துண்டு கூடக் கடித்தேன்.

சொல்லிவிடலாம் என்று நினைத்த நாளும் உண்டு. ஒரு பின்னேரம் மூவரும் பங்கருக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தபோது, இனி உயிரோடு வெளியே போவோமோ தெரியாது, சொல்லிவிடு என்று மனம் சொன்னது. வாயைத் திறந்தேன். விமானம் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டேன். உயிர் இருக்கும் என்று தெரிந்தவுடன் வெற்றியும் இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் வந்து, இராணுவம் நெருங்கிவிட்டது என்று எல்லாரையும் தென்மராட்சிக்குப் போகச் சொல்லிவிட்டுப் போயின. வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் வெளிக்கிட்டது. அடுத்த நாள் காலையில் என் தெருவில் நான் மட்டும் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். போவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். வீரம் ஒன்றுமில்லை. புத்தக அலுமாரி, தகப்பன் கட்டிய வீடு, பிடிவாதம், இவ்வளவும்தான்.

வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. சேவேயர். சைக்கிளில் அரிசி மூட்டையும், சுருட்டிக் கட்டிய வரைபடங்களும், ஒரு வாளியும். அவருடைய மனைவி இன்னொரு சைக்கிளைப் பிடித்தபடி தெருவிலேயே நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது.

"வெளிக்கிடும், ஐசே" என்றார்.

"நான் வரேல்லை. ஓடுறது எனக்குச் சரிவராது."

"அது தெரியும். உம்மடை நோட்ஸிலை அது இல்லை." அவர் சைக்கிளைச் சுவரில் சாத்தினார். "புத்தகத்திலை இருக்கு. நாப்பத்திரண்டாம் பக்கம்."

நான் கதிரையைவிட்டு எழும்பினேனா, உட்கார்ந்தே இருந்தேனா என்று இப்போது நினைவில்லை. முகம் எரிந்தது மட்டும் நினைவிருக்கிறது. அவ்வளவு வெட்கம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"எப்ப தெரியும்?"

"நீர் கொண்டுவந்து தந்த அந்தக் கிழமையே. இவ நோட்ஸ் வாசிக்கிற ஆளில்லை. புத்தகத்தை எடுத்து முதலிலையிருந்து கடைசிவரைக்கும் வாசிச்சவ."

மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்து நின்று, தங்கள் பேரை மாற்றிக்கொண்டன. நடுமேசையில் வைத்த வில்லாளர். பனங்கட்டி. நல்ல சுருக்கம்.

"பிறகேன் சொல்லேல்லை?"

"வேறை ஒரு சேவேயர் அளந்ததிலை பிழை கண்டா, நாங்கள் பிழை எண்டு சொல்லுறேல்லை. அவரைக் கூப்பிட்டு, சங்கிலியை அவற்ரை கையிலை குடுத்து, இன்னொருக்கா அளக்கச் சொல்லுவம். அவரே கண்டுபிடிச்சா மரியாதை." அவர் மழையைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு தானோ எண்டு கேட்டனான். சங்கிலியைக் கையிலை தந்தனான். நீர் அளக்கேல்லை. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் குதிரைக்கு முன்னாலை ஆக்களை நிப்பாட்டிப் பாத்தன். இண்டைக்குச் சொல்லுவீர், நாளைக்குச் சொல்லுவீர் எண்டு. இப்ப நேரமில்லை, அதாலை நானே சொல்லுறன். வெளிக்கிடும்."

தெருவிலிருந்து அவர் மனைவி கூப்பிட்டார். "மாஸ்டர், மூண்டாவது வழியைப் பற்றி நடந்துகொண்டே கதைப்பம். சனம் கூடுது."

ஒரு சாக்கில் இரண்டு வேட்டியும் கொஞ்சம் மாவும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். கதவைப் பூட்டினேன். ஏன் பூட்டினேன் என்று தெரியாது. செம்மணி வீதியில் அடிமேல் அடி வைத்து நடந்தோம். சைக்கிள்கள், வண்டில்கள், கோழிக்கூடு, கிழவர்களை இருத்தித் தள்ளிய கதிரை. ஒரு அடி போனால் பத்து நிமிடம் நின்றோம். மூன்று பேரும் அந்த வழியைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பறையின் பாதி எங்களுக்குக் கிடைத்தது. மூன்றாம் நாள், மழை விட்டிருந்த ஒரு காலையில், சேவேயர் வரைபடச் சுருளுக்குள்ளிருந்து என் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் வீங்கின புத்தகம். பொம்மைகள் உடுவிலில் அவருடைய மேசைமேலேயே நின்றன. படையைக் கொண்டுவராதவர் சட்டத்தைக் கொண்டு வந்திருந்தார்.

அவர் மனைவியிடம் பேனை வாங்கினேன், சிவப்புத்தான் இருந்தது. புத்தகத்தைத் திறக்கத் தேவைப்படவில்லை. மூன்று வருடத்துக்கு முன் கிழித்துப்போட்ட தாளில் இருந்த ஒவ்வொரு சொல்லும் மனதில் இருந்தது. இரண்டாவதற்குக் கீழே எழுதினேன்.

"மூன்று. படையணி விரும்பினால் ஓடலாம். ஓடுவது அழிவு அன்று. அடுத்த முறையில் அவர்கள் ஒன்றுசேர முயலலாம். சேர்ந்தால், திரும்பி நின்று முன்போலவே படையாக இயங்குவர். சேராவிட்டால் மேசை விளிம்புவரை ஓடிக்கொண்டிருப்பர்."

அவர் மனைவி எட்டிப் பார்த்து வாசித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கிறியள்" என்றார். கரும்பலகைக்குக் கீழே அடுப்பு மூட்டப் போய்விட்டார்.

சேவேயர் கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, ஆறுதலாக வாசித்தார். பிறகு அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"மூண்டு தானோ?"

"ஓம், மூண்டுதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மற்றக் கையால் புத்தகத்தைத் திறந்தார். நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் தேடி எடுத்து, கொப்பியில் ஒரு விரலும் புத்தகத்தில் ஒரு விரலுமாக, எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்க்கத் தொடங்கினார்.